தெசலோனிக்கி: கற்கள் இடம் மாறிய ஊர்

கிரீஸ் நாட்டுத் தெசலோனிக்கியின் பழைய கடற்கரைச் சாலையில் தடுப்புச் சுவர் கிடையாது, கம்பி வேலியும் கிடையாது. நடைபாதை முடிகிற இடத்தில் கடல் தொடங்கிவிடும். போய்ச் சேர்ந்த அன்று மாலை நானும் தங்கையும் அந்த விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டோம். எங்களைப் போலவே அந்த நீளம் முழுக்க ஜனங்கள். கையில் காபி, மடியில் எள்ளு வளையம், பக்கத்தில் சைக்கிள். எதிரே தெர்மாய்க் வளைகுடா சலனமே இல்லாமல் கிடந்தது. அதற்கும் அப்பால், மேகமா மலையா என்று தெரியாத ஒரு சாம்பல் கோடு. அதுதான் ஒலிம்பஸ் என்றாள் தங்கை.

அவள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

"அக்கா, நீ இப்போ எதுமேல உட்கார்ந்திருக்க தெரியுமா? கோட்டை மதில் மேல."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். ஒரு காலத்தில் இந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மதில் நின்றது. கடலில் வருகிறவனுக்கு ஊர் தெரியாது, ஊரில் இருப்பவனுக்குக் கடல் தெரியாது. 1869-இல் ஒட்டோமான் ஆளுநர் சப்ரி பாஷா அந்த மதிலை இடிக்க ஆரம்பித்தார். இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டிக் கடலைக் கொஞ்சம் தூர்த்து, அதன்மேல் இந்தச் சாலையைப் போட்டார்கள். ஊரைக் கடலிடமிருந்து மறைத்த கல்லே இப்போது ஊரைக் கடலருகில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

முதல் மாலையே இதைக் கேட்டதாலோ என்னவோ, அந்தப் பத்து நாளும் எங்கே போனாலும் என் கண் கற்களிடமே போய் நின்றது. இந்தக் கல் முதலில் எங்கே இருந்தது? யார் வைத்தது? இங்கே எப்படி வந்தது? தெசலோனிக்கியைப் பார்க்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 315-இல் மாசிடோனிய மன்னன் கசாண்டர் தன் மனைவியின் பெயரை வைத்து நிறுவிய ஊர் இது. அவள் தெசலோனிக்கே, அலெக்சாண்டரின் மாற்றாந்தாய்ச் சகோதரி. தெசலியில் கிடைத்த வெற்றியை நினைத்துத் தகப்பன் பிலிப் வைத்த பெயர். பிறகு ரோமர்கள், பைசாந்தியர்கள். 1430 முதல் ஒட்டோமான்கள். 1912 முதல் கிரீஸ். துருக்கியர்களுக்கு இது செலானிக், ஸ்லாவியர்களுக்குச் சோலுன், இங்கே வாழ்ந்த யூதர்களுக்குச் சலோனிக்கோ. நான்கு பெயர்களும் ஒரே ஊருக்குத்தான், ஆனால் ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் வேறொரு ஊர் எழுந்து வருகிறது.

சுற்றுலாப் படங்களில் முதலில் வருவது வெள்ளைக் கோபுரம். கடற்கரைச் சாலையின் கிழக்கு முனையில் தனியாக நிற்கும் வட்டமான கோட்டைக் கோபுரம் அது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நிறம் வெள்ளை அல்ல, காய்ந்த மண்ணின் நிறம். இடிக்கப்பட்ட கடல் மதிலும் கிழக்கு மதிலும் சந்தித்த மூலை இது. மதில்கள் போய்விட்டன, மூலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒட்டோமான்கள் கட்டியது, நெடுங்காலம் சிறையாக இருந்தது. 1826-இல் கலகம் செய்த ஜானிசாரிப் படைவீரர்களை இங்கே கொன்றார்கள். அதிலிருந்து இதற்கு இரத்தக் கோபுரம் என்றே பெயர். அந்தப் பெயரைத் துடைக்கத்தான் 1891-இல் வெள்ளையடித்தார்கள். அடித்தவர் ஒரு கைதி, நாதன் குயிதிலி. முழுக் கோபுரத்துக்கும் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தால் விடுதலை என்று பேச்சு. அவர் அடித்தார், வெளியே போனார். சுண்ணாம்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பெயர் நிலைத்துவிட்டது.

உள்ளே இப்போது ஊரின் வரலாற்றுக் காட்சியகம். சுவரின் தடிமனுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. அங்கங்கே சின்னச் சாளரம், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கடல். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், மறுபக்கம் கடலை ஒட்டி நீளும் புதிய நடைபாதை, பின்னால் மலைச்சரிவு வரை அடுக்குமாடிகள். அந்தப் புதிய நடைபாதையில்தான் சிற்பி சொங்கொலோபுலோஸின் குடைகள் இருக்கின்றன, 1997-இல் வைத்தவை. ஆளுயரத்துக்குப் பல மடங்கு மேலே, உலோகக் குடைகள் காற்றில் பறந்து போவது போல நிற்கும். மாலையில் அதன் கீழே நிற்க வரிசை போடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது வேறு இடங்களில்.

முதலில் கமாரா. எக்னாதியா சாலையில் பேருந்தும் ஸ்கூட்டரும் இரைந்துகொண்டிருக்கும் இடத்தில், நடைபாதை ஓரமாக ஒரு பழைய வளைவு. ரோமப் பேரரசன் கலேரியஸ் பாரசீக மன்னன் நர்சேயை வென்றதைக் கொண்டாட நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. எட்டுத் தூண்களோடு இருந்த கட்டடத்தில் மிச்சம் இருப்பது மூன்று. தூண்களைச் சுற்றிச் சலவைக்கல்லில் புடைப்புச் சிற்பங்கள். குதிரை மேல் கலேரியஸ், கீழே விழும் பகைவர்கள், சிறைபிடிக்கப்பட்ட பெண்கள், ஒரு வரிசையில் யானைகள்கூட உண்டு. முகங்கள் பலவும் மழுங்கிவிட்டன.

ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு கமாரா என்றால் போர் அல்ல. "கமாராவில் நிற்கிறேன், வா" என்பதுதான் அதன் பொருள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாருங்கள், அந்தத் தூண்களின் அடியில் நூறு பேராவது யாருக்காகவோ காத்துக்கொண்டிருப்பார்கள். கலேரியஸின் யானைகள்மேல் சாய்ந்துகொண்டு ஒரு பெண் கைப்பேசியில் அழுதுகொண்டிருந்தாள். ஆயிரத்து எழுநூறு வருடக் கல் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கமாராவிலிருந்து வடக்கே இரண்டு நிமிடம் நடந்தால் ரொட்டுண்டா. பத்து நாளில் மூன்று முறை போனேன். இன்னொரு முறை வாய்த்தால் ஊரில் இறங்கிய உடனே அங்கேதான் போவேன்.

வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லால் கட்டிய பெரிய உருளை, அவ்வளவுதான். ஆறு மீட்டருக்கு மேல் தடித்த சுவர். அந்தத் தடிமனைக் கடந்து உள்ளே போனதும் வெளிச்சத்தம் அறுந்துவிடுகிறது. வெறும் வட்டம், மேலே குவிமாடம், அதன் விளிம்பில் தங்கம். கலேரியஸ் காலத்தில் கட்டியது இது. எதற்காகக் கட்டினான் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு, கல்லறைக்கு என்பார் சிலர், கோயிலுக்கு என்பார் சிலர். பிறகு அது கிறிஸ்தவ ஆலயமானது. 1591-இல் மசூதியானது. 1912-க்குப் பிறகு மறுபடி ஆலயம், அப்புறம் அருங்காட்சியகம். கிழக்கே பலிபீடத்துக்காக இடித்து நீட்டிய பகுதி அப்படியே இருக்கிறது. மேற்கே வாசலில் ஒரு மினாரெட், அதாவது மசூதிக் கோபுரம், அப்படியே நிற்கிறது. ஒட்டோமான் காலத்தில் இந்த ஊரின் வானமே மினாரெட்டுகளால் நிறைந்திருந்தது. இன்று முழுசாக நிற்பது இது ஒன்றுதான்.

குவிமாடத்து மொசைக்கில் மாளிகைகள், அவற்றின் முன்னே கைகளை விரித்து நிற்கும் புனிதர்கள். ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவர் பெயர், அவர் செய்த தொழில், நினைவுகூரும் மாதம் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒருவர் போர்வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் குழல் இசைப்பவர். தொழிலைக் குறிப்பிட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களெல்லாம் ஊருக்குள் ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தானே?

ஆனால் நான் அதிக நேரம் நின்றது அங்கே அல்ல. சுவருக்குள் குடைந்த மாடங்களில் ஒன்றின் வளைந்த கூரையில், கட்டங் கட்டமாகப் பறவைகளும் பழங்களும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஒரு பறவையின் மார்பில் மட்டும் நீலத்திலிருந்து பச்சைக்கு எத்தனை நிறக் கண்ணாடித் துணுக்குகள் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. ஒவ்வொன்றும் பட்டாணியைவிடச் சின்னது. ஒரே மட்டத்தில் பதிக்காமல் ஒவ்வொன்றையும் துளி சாய்த்துப் பதித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நாம் ஒரு அடி நகர்ந்தால் பறவையின் இறகு மினுங்கி அணைகிறது. 1978 ஜூன் 20-ஆம் தேதி நிலநடுக்கத்தில் இந்தக் கட்டடம் விரிசல் விட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உள்ளே சாரம் கட்டியே கிடந்ததாம். இப்போது அண்ணாந்து பார்க்க எந்தத் தடையும் இல்லை.

சரி, ஊரின் நடுப்பகுதிக்கு வருவோம். தெசலோனிக்கியின் மையம் பார்க்க ஒரு பழைய துறைமுக நகரம் போலவே இல்லை. நேர்கோட்டுச் சாலைகள், ஒரே உயரத்துக் கட்டடங்கள். கடலைப் பார்த்துத் திறந்த அரிஸ்டாட்டில் சதுக்கத்தில் இரண்டு பக்கமும் தூண்வரிசை வைத்த பெரிய கட்டடங்கள் பிறைபோல வளைந்து நிற்கின்றன. எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அப்படியொரு சதுக்கம் அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு தீ.

1917 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை. மேட்டுப் பகுதியில் ஒரு சிறிய வீட்டின் அடுப்படியில் பற்றிய நெருப்பு. வடக்கிலிருந்து வர்தாரிஸ் காற்று வீசிக்கொண்டிருந்தது. முதல் உலகப்போர்க் காலம். ஊரைச் சுற்றிலும் நேசநாட்டுப் படைகளின் முகாம்கள், இருந்த தண்ணீரில் பெரும் பங்கு அங்கே போய்க்கொண்டிருந்தது. தீ 32 மணி நேரம் எரிந்தது. சுமார் 9,500 வீடுகள் சாம்பல். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களில் ஐம்பதாயிரம் பேரளவில் யூதர்கள்.

அரசு, எரிந்த இடத்தில் அவரவர் வீடு கட்டக்கூடாது என்று தடுத்துவிட்டு, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எர்னெஸ்ட் எப்ராரிடம் புதிய திட்டத்தைக் கொடுத்தது. அவர் பைசாந்தியக் கோலத்தில் வரைந்த கனவுதான் இந்தச் சதுக்கமும் அதன் நடு அச்சாக ஓடும் சாலையும். மனைகளைப் புதிதாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். பணம் இருந்தவர் வாங்கினார். பல தலைமுறையாக ஊரின் நடுவில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஊர் ஓரத்துக்குப் போய்விட்டன. சதுக்கம் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கும்போது, இந்த நாற்காலிக்குக் கீழே யாருடைய அடுப்படி இருந்ததோ என்ற நினைப்பு வராமல் இருக்கவில்லை.

அதே தீயில் எரிந்ததுதான் புனித திமித்ரியோஸ் ஆலயம். ஊரின் காவல் புனிதர் அவர். அக்டோபர் 26 அவருடைய திருநாள். பழைய நாட்காட்டிப்படி 1912-இல் கிரேக்கப் படையிடம் ஊர் சரணடைந்ததும் அதே நாள். ஐந்து நீள் கூடங்கள் கொண்ட பெரிய ஆலயம். தீக்குப் பிறகு மீண்டும் கட்டி 1949-இல் திறந்தார்கள். நல்ல வேளையாகச் சில மொசைக்குகள் தப்பின. ஒரு தூணில் இளைஞனாக நிற்கும் திமித்ரியோஸ், இரு பக்கமும் ஆயரும் ஆளுநரும், அவர்கள் தோள்மேல் தோழன்போல அவர் கை. தீ எரித்த பிறகு நடந்த அகழ்வில்தான் பீடத்துக்குக் கீழே மறந்து கிடந்த நிலவறை வெளிப்பட்டது. படியிறங்கிப் போனால் ரோமர் காலக் குளிப்பிடத்தின் மிச்சம். அவரைக் கொன்ற இடம் இதுதான் என்பது நம்பிக்கை. ஈரச் சுவர், பழைய தொட்டி, ஒரு மூதாட்டி மெழுகுவத்தியோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சற்று விலகி இடம் கொடுத்தார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. காலையில் புகாத்சா. தங்கை வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மாவு வீசுவதை இருபது நிமிடம் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். எண்ணெய் தடவிய உருண்டையைக் கையால் தட்டி, விளிம்பைப் பிடித்துக் காற்றில் வீசுகிறார். அது போர்வைபோல விரிந்து மேசைமேல் விழுகிறது. மறுபடி பிடித்து வீச்சு. ஐந்தாறு வீச்சில் மேசையின் மரக்கோடுகள் மாவின் வழியே தெரிய ஆரம்பித்துவிடும். நடுவே பால் ரவைக் கூழை ஊற்றி மடித்து அடுப்புக்குள். வெந்ததும் அகலக் கத்தியால் டக்டக்கென்று துண்டு போட்டு, சர்க்கரைப் பொடியும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவித் தாளில் வைத்துத் தருகிறார். அந்தக் கத்திச் சத்தம் தெரு முனை வரை கேட்கும்.

இதை இந்த ஊர்ப் பண்டமாக்கியவர்களும் ஊர் விட்டு வந்தவர்கள்தான். 1922-இல் ஆசியா மைனரில் கிரேக்கர்களுக்கு நேர்ந்த பேரழிவுக்குப் பிறகு, 1923-இல் கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டன. இங்கிருந்த முஸ்லிம்கள் அங்கே, அங்கிருந்த கிரேக்கர்கள் இங்கே. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் தங்கள் அடுப்பின் கைப்பக்குவத்தை மட்டும் கொண்டுவந்தார்கள்.

கடைத்தெருவென்றால் கபானி. மீனும் ஒலிவமும் மிளகாய்ச் சரமும் கூவலும் நிறைந்த பழைய சந்தை. பக்கத்திலேயே மொதியானோ. தீயில் எரிந்த இடத்தில் எலி மொதியானோ என்ற யூதப் பொறியாளர் 1920-களில் கட்டிய கண்ணாடிக் கூரைச் சந்தை. புதுப்பித்து 2022-இல் திறந்திருக்கிறார்கள், பளபளப்பாக இருக்கிறது. எனக்குக் கபானியின் ஈரத் தரைதான் பிடித்தது. இரண்டுக்கும் பக்கத்தில் பெசெஸ்தேனி, பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய ஆறு குவிமாடத் துணிச் சந்தை. இன்றும் அங்கே துணிதான் விற்கிறார்கள். இத்தனை இடம் மாற்றத்துக்கு நடுவே ஐந்நூறு வருடத்துக்கு மேலாக ஒரே தொழிலில் இருக்கும் கட்டடம். அதற்காகவே ஒரு மீட்டர் பருத்தித் துணி வாங்கினேன்.

தீ எட்டாத பகுதி ஒன்று உண்டு. அனோ போலி, அதாவது மேலூர். மதிலை ஒட்டிய மேட்டில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், தெருவுக்குமேல் நீட்டிய மாடிகள், பூனைகள், செங்குத்தான படிகள். மக்கள் மாற்றத்தில் வந்த அகதிகள் இங்கே மதிலோடு ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொண்டார்கள். பின்சுவருக்குத் தனியாகக் கல் தேவையில்லை, பைசாந்திய மதிலே சுவர். அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. ஒரு வீட்டின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தைச் சட்டை மதிலின் செங்கல் வரிசைமேல் நிழலாடிக்கொண்டிருந்தது. உச்சியில் யெடி குலே, அதாவது ஏழு கோபுரக் கோட்டை. அது 1989 வரை சிறை. உள்ளே நடந்தபோது வேகமாக வெளியே வந்துவிடத் தோன்றியது. வெளியே மேட்டிலிருந்து பார்த்தால் மொத்த ஊரும் வளைகுடாவும் காலடியில்.

பழசைப் பற்றியே பேசுகிறேன், புதுசுக்கும் வருகிறேன். 2006-இல் வேலை தொடங்கிய மெட்ரோ 2024 நவம்பர் 30-ஆம் தேதிதான் ஓட ஆரம்பித்தது. பதின்மூன்று நிலையங்கள், ஓட்டுநர் இல்லாத ரயில். இத்தனை வருடம் ஏன் ஆனது என்பதற்குப் பணமும் ஒப்பந்தத் தகராறுகளும் ஒரு காரணம். இன்னொரு காரணம், தோண்டிய இடமெல்லாம் ஊர் கிடைத்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள். வெனிசெலூ நிலையத்துக்குத் தோண்டியபோது இன்றைய எக்னாதியா சாலைக்கு நேர் கீழே பழைய ஊரின் முக்கியச் சாலை, சலவைக்கல் பாவிய குறுக்குத் தெருவோடும் கடை வரிசையோடும் அப்படியே வெளிப்பட்டது. எடுத்து வேறிடத்தில் வைப்பதா, அங்கேயே விடுவதா என்று ஊரே இரண்டுபட்டது. வழக்குகள் நடந்தன. கடைசியில் கற்களை எண்ணிட்டுப் பெயர்த்து எடுத்து, நிலையத்தைக் கட்டி முடித்து, பிறகு அதே இடத்தில் பதித்தார்கள். தொல்லியலாளர்கள் பலர் கடைசி வரை எதிர்த்தார்கள். ஒரு முறை பெயர்த்த கல் பழைய கல் ஆகாது என்பது அவர்கள் வாதம்.

நகரும் படியில் இறங்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தச் சாலை தெரிகிறது. கல்லில் நடந்து தேய்ந்த வழவழப்பு இருக்கிறது. என்னோடு இறங்கிய பள்ளிப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தினசரி வழி. தொல்லியலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது அருங்காட்சியகத்துக்குப் போகாமல், ஜனங்கள் நடக்கிற இடத்திலேயே தெருவாக இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

திரும்பி வராத கற்களும் உண்டு. ரோமச் சந்தைவெளிக்குப் பக்கத்தில், ஒரு யூத வீட்டு முற்றத்தில், நான்கு தூண்களின் இருபுறமும் செதுக்கிய எட்டு உருவங்கள் பல நூற்றாண்டுகள் நின்றன. யூதர்கள் தங்கள் லடினோ மொழியில் அவற்றை லாஸ் இன்காந்தாதாஸ், மந்திரத்தில் கட்டுண்டவர்கள், என்றார்கள். 1864-இல் எமானுவேல் மில்லர் என்ற பிரெஞ்சு அறிஞர் சுல்தானின் அனுமதியோடு அவற்றை இறக்கிக் கப்பலேற்றிவிட்டார். இன்று அவை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். தெசலோனிக்கியின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நாங்கள் பார்த்தது 2015-இல் செய்த நகல்கள். அதே அருங்காட்சியகத்தில் தெர்வேனி வெண்கலக் குடம் இருக்கிறது, கி.மு. நான்காம் நூற்றாண்டு, தங்கமோ என்று ஏமாற வைக்கும் மினுக்கு. ஊரே பெருமைப்படும் பொருள் அது. தங்கை மட்டும் நகல்களின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "அந்த வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்க்கா, காலையில எந்திரிச்சு முற்றத்தைப் பார்த்தப்போ?"

அந்த வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் இதற்கு முன்னுரைதான் என்றுகூடத் தோன்றுகிறது.

1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியது. அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒட்டோமான் துறைமுகமான இந்த ஊருக்கு வந்தார்கள். பேசிய ஸ்பானிய மொழியை விடவில்லை. நானூற்றைம்பது வருடம் அது இங்கே லடினோவாக வாழ்ந்தது. 1913-இல் எடுத்த கணக்கின்படி ஊரில் ஏறத்தாழ 1,58,000 பேர். யூதர்கள் 61,000-க்கும் மேல், முஸ்லிம்கள் 46,000 அளவில், கிரேக்கர்கள் 40,000 அளவில். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகு வலித்தவர்களும் பெரும்பாலும் யூதர்கள் என்பதால், சனிக்கிழமை ஓய்வுநாளில் துறைமுகமே மூடியிருக்கும். எந்த நாட்டுக் கப்பலானாலும் காத்திருக்க வேண்டும். 1930-களில் இந்த ஊர்த் துறைமுகத் தொழிலாளர்கள் பலர் ஹைஃபாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே துறைமுக வேலையில் சேர்ந்தார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் எலெஃப்தெரியாஸ் சதுக்கம், பெயரின் பொருள் விடுதலை. 1942 ஜூலை 11-ஆம் தேதி, ஊரை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் 18 முதல் 45 வயது வரையான யூத ஆண்கள் சுமார் 9,000 பேரை இங்கே வரவழைத்து, கோடை வெயிலில் மணிக்கணக்காக நிற்க வைத்து, அடித்து, உடற்பயிற்சி என்ற பெயரில் தரையில் உருளச் செய்தார்கள். பிறகு கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். 1943 மார்ச் 15-ஆம் தேதி முதல் ரயில் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் வரை ரயில்கள் போயின. 46,000 பேருக்கு மேல். திரும்பி வந்தவர்கள் 2,000 பேர்கூட இல்லை. சதுக்கத்தின் மூலையில் இப்போது ஒரு நினைவுச் சின்னம் உண்டு. தீச்சுவாலையும் மனித உடல்களும் பின்னிய ஏழுகிளை விளக்கு. நாங்கள் போனபோது யாரோ வைத்த பூச்செண்டு வாடிக் கிடந்தது.

அடுத்த நாள் அயியூ மினா தெருவில் யூத அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1904-இல் கட்டிய அந்தக் கட்டடம் 1917 தீயில் தப்பியது. தரைத்தளம் முழுக்கக் கல்லறைக் கற்கள். எபிரேய எழுத்து, சிலவற்றில் ஓரமாகச் செதுக்கிய மலர்ப்பின்னல். சுவரில் பழைய புகைப்படங்கள். கண்ணுக்கு எட்டிய வரை கல்லறைகள், ஊர் மதிலுக்கு வெளியே கிழக்கே. ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத இடுகாடுகளில் ஒன்று. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்தன என்கிறார்கள். 1942 டிசம்பரில், ஜெர்மானியர்கள் அனுமதிக்க, நகர நிர்வாகம் ஆட்களை வைத்து அதை உடைத்தது. அந்தக் கற்கள் ஊரெங்கும் போயின. சுவருக்கு, நடைபாதைக்கு, தேவாலய முற்றத்துக்கு. போருக்குப் பிறகும் வருடக்கணக்கில் கட்டடப் பொருளாக எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இன்றும் சாலை வேலைக்குத் தோண்டும்போது எபிரேய எழுத்தோடு ஏதாவதொரு கல் வெளிவருகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை அந்தக் கற்கள். தொடும் தூரத்தில் நிற்கின்றன. ஒன்றின் மேல்பரப்பில் எழுத்து வரிசையின் குறுக்கே காய்ந்த சிமெண்டு ஒட்டியிருந்தது. ஏதோ சுவரில் இருந்து பெயர்த்து மீட்ட கல்லாக இருக்க வேண்டும். சுத்தம் செய்தும் போகவில்லை. எழுத்தின் பள்ளத்துக்குள் சாம்பல் நிறமாகச் சிமெண்டு இறுகியிருந்தது. யாருடைய பெயர் அது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தங்கையும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும்தான் கேட்டேன், அந்த இடுகாடு இருந்த இடம் இப்போது எது என்று.

"நான் தினமும் போற இடம்தான்க்கா."

அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தின் வளாகம் அந்த நிலத்தின்மேல்தான் எழுந்தது. எண்பதாயிரத்தை நெருங்கும் மாணவர்களின் வகுப்பறைகள், உணவகம், நூலகம், மரத்தடி. அங்கே ஒரு நினைவிடம் வைக்க 2014 நவம்பர் வரை ஆனது. அன்றைய மேயர் யியானிஸ் புதாரிஸ் அந்த விழாவில் நின்று, இத்தனை காலம் மௌனமாக இருந்ததற்காக ஊர் வெட்கப்படுகிறது என்று பேசினார். அதே வருடம் பதவியேற்பில், நாஜி ஆதரவுக் கட்சி உறுப்பினர் ஒருவர் மன்றத்துக்குள் வந்ததை எதிர்த்து, நாஜிகள் யூதர்களை அணிய வைத்த மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தவர் அவர். அந்த நினைவிடம் அதன் பிறகும் சிலமுறை சேதப்படுத்தப்பட்டது. திரும்பவும் சரிசெய்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளோடு வளாகத்துக்குப் போனேன். இலையுதிர்கால வெயில். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். புல்தரையில் கல்லறைக் கற்களைப் போல வெள்ளைப் பலகைகள். பூ வைக்கலாமா என்று கேட்டேன். யூதர்கள் கல்லறையில் கூழாங்கல் வைப்பார்கள் என்றாள். காலையில் கடற்கரையில் எடுத்தது அவள் பையில் தயாராக இருந்தது. கட்டைவிரல் அளவு, சாம்பல் நிறம், ஒரு ஓரத்தில் வெள்ளை வரி. என்னிடம் கொடுத்தாள். ஏற்கெனவே ஆறேழு கற்கள் இருந்த வரிசையில் வைத்தேன். காற்றுக்கு உருண்டுவிடுமோ என்று கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

பத்து மணிக்கு அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை இருந்தது. "மத்தியானம் கமாராவுல நில்லு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் புல்தரையைச் சுற்றிக்கொண்டு போனாள், குறுக்கே நடக்காமல்.